விடுமுறைக்குப் போன இடத்தில் இளவரசனைக் காதலிப்பதெல்லாம் நிஜத்தில் நடக்குமா?

கேள்வி: "லீவுக்குச் சுற்றுலா போன இடத்தில் சாதாரண வீட்டுப் பெண்ணுக்கும் ராஜ குடும்பத்துப் பையனுக்கும் காதல் வருவதாகக் கதைகளில் படிக்கிறோம். நம் ஊரில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?"

நடந்திருக்கிறது. எனக்கு. 1997 மே மாதம், ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்கிற ஊரில்.

பெயரை மறைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் சும்மா கதைக்காகக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறீர்கள், அங்கே ஒருவனைப் பார்த்திருக்கிறீர்கள், அவன் வீட்டுச் சுவரில் வாளும் கேடயமும் மாட்டியிருக்கிறது, இப்போது அவன் வாட்ஸாப்பில் பதில் போடுவதில்லை. என் யூகம் தப்பாக இருந்தால் பரவாயில்லை, மேலே படியுங்கள்.

சட்டம் பேச வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இளவரசர் என்று யாரும் கிடையாது, தெரியும். சமஸ்தான மன்னர்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மன்னர் மானியம் 1971ல் நின்றுபோனது. நான் சொல்லும் பையன் அந்தக் கணக்கில்கூட வரமாட்டான். அவன் வீடு ஜமீன். ராமநாதபுரம், சிவகங்கையே ஜமீன்தான், புதுக்கோட்டைதான் சமஸ்தானம். ஜமீன்களை ஒழிக்க 1948லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதை ஊருக்குள் போய் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்தும் தோப்பில் தேங்காய் வெட்டுகிற பெரியவர், பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சின்னத்துரை வர்றாக" என்று வழி விட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கும் பிடிக்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அது ராமநாதபுரத்துச் சேதுபதி குடும்பம் இல்லை. யாரும் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம். தெற்கே ஒரு சின்னப் பாளையம். அவன் அத்தையை உச்சிப்புளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அங்கே தென்னந்தோப்பு இருந்தது. எந்தப் பாளையம், என்ன சாதி, நீங்கள் என்ன சாதி என்று கீழே கேட்பீர்கள், பதில் வராது. எங்கள் இரண்டு பேருக்குமே இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாங்கள் விருதுநகர். அப்பா ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினார். பெரியப்பாவுக்கு மண்டபத்தில் அரசாங்க உத்தியோகம், குவார்ட்டர்ஸ் உண்டு. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த என்னையும் தம்பியையும் அங்கே அனுப்பி வைத்தார்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில்தான் அவனைப் பார்த்தேன். 1988ல் அந்தப் பாலம் திறந்த நாளிலிருந்து, மேலே நின்று கீழே ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்காமல் ராமேஸ்வரம் போனவர் யாரும் இருக்க மாட்டார்கள். அன்றைக்கு ஏதோ கப்பல் கடக்க இருந்தது. 1914ல் கட்டிய பழைய பாலம், நடுவில் இருந்த தூக்குப் பகுதியை அப்போதெல்லாம் ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். மெதுவாகத்தான் எழும்பும், அதுவரை எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்போம். எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்றான். அவனுக்குப் பின்னால் வேட்டி கட்டிய ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பாம்பன் பாலத்தின் மேல், கச்சான் காற்றில், குடை! ஒரே அடியில் அது தலைகீழாக விரிந்தது. நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். குடை பிடித்தவர் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தா இந்தப் பாலத்துல தனி சலூன் பெட்டியில போயிருக்காராம்" என்றான்.

"எங்க தாத்தாவும் போயிருக்கார். மிளகாய் மூட்டையோட. தனுஷ்கோடியில இறங்கி, கப்பல் ஏறி, கொழும்புக்கு" என்றேன்.

அதுதான் ஆரம்பம்.

குடைக்காரர் அவர்கள் தோப்பின் கணக்குப்பிள்ளை. ஐம்பது வயதிருக்கும். அத்தை வீட்டில் இருக்கும்வரை பையனுக்குக் காவல் அவர்தான். அவன் சைக்கிளில் முன்னே போவான், இவர் டிவிஎஸ் ஐம்பதில் பின்னே வருவார். கதைகளில் இளவரசன் கைநிறையக் காசோடு வருகிறான் அல்லவா? இவன் கையில் பத்து ரூபாய் இருக்காது. கேட்டால் கணக்குப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துத் தேதி போட்டு, "சின்னத்துரை கைச்செலவு" என்று எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். எனக்குப் பெரியப்பா கொடுத்த காசு இருந்தது, கணக்குக் கேட்க ஆளில்லை. அந்த மே மாதம் நுங்கு, பதநீர், வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் என் செலவுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை, உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை அவனைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் பாட்டுக்கு எந்தக் கரையிலும் உட்காரலாம். அவன் ஒரு சோடா குடித்தால் கடைக்காரர் காசு வாங்கமாட்டார், சாயங்காலத்துக்குள் அத்தைக்குத் தகவல் போய்விடும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஆள் நான்தான் என்று அப்போதே தோன்றியது. பெண்பிள்ளையாகப் பிறந்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே மாதம் அது. (எங்கள் வீட்டில் ராஜா என் தம்பிதான். அந்தக் கதை வேறு.)

அதனால் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ராமேஸ்வரத்தில், கூட்டத்துக்குள். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, உள்ளே 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு ஓடுகிற வடநாட்டுக் கூட்டத்தில் துரை யார், விருதுநகர் யார்? தம்பிக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்றாம் பிரகாரத்தை முழுதாகச் சுற்றினால் நிறையப் பேசலாம். என்ன பேசினோம்? மார்க். கட் ஆஃப். அவனுக்கு மோட்டார் எஞ்சின் மேல் பைத்தியம், கரையில் யாராவது வள்ளத்து எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டான். பக்கத்தில் நடந்தோம், அவ்வளவுதான். இதற்கா காதல் என்று பெயர் என்று சிரிப்பவர்கள், 1997ல் அந்தக் கரையில் பதினேழு வயதுப் பெண்ணாக இருந்து பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

ஒருநாள் பெரியப்பா எங்களை ராமநாதபுரம் அரண்மனைக்கு, ராமலிங்க விலாசம் பார்க்கக் கூட்டிப்போனார். அவனும் "தற்செயலாக" அங்கே வந்தான், பின்னால் கணக்குப்பிள்ளை. கிழவன் சேதுபதி கட்டியது, இப்போது தொல்லியல் துறையிடம் இருக்கிறது. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். ராஜா வீட்டுப் பிள்ளை இன்னொரு ராஜா வீட்டைப் பார்க்க வரிசையில் நின்றான். வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை என்று பிறகு சந்தோஷமாகச் சொன்னான். உள்ளே சுவர் முழுக்க ஓவியம். தஞ்சாவூர் மராட்டியரோடு சண்டை, ஐரோப்பியர்கள் வந்து சேதுபதியைப் பார்ப்பது, ராமாயணம். அவன் ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டுல இந்த மாதிரி சுவர்ல வெள்ளையடிச்சுட்டாங்க" என்றான். அவ்வளவுதான் அவன் பரம்பரைப் பெருமை பேசியது.

தனுஷ்கோடிக்கும் போனோம். அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்தது 2017ல். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அப்புறம் மணலில் வேன். பெரியம்மா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆட்கள் என்று வேன் நிறைய நாங்கள். அவன் கணக்குப்பிள்ளையைக் கெஞ்சிச் சத்திரத்திலேயே நிறுத்திவிட்டுக் கடைசி ஆளாக ஏறிக்கொண்டான். இடிந்த சர்ச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி, மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தது. சுற்றிலும் உப்புக்கடல், அந்தத் தண்ணீர் மட்டும் இனிப்பு. குடிக்கக் கொடுத்துவிட்டு அவனைப் பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்றது.

அந்த மாதத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு நொடி முழித்தான். "விருதுநகர்" என்றான்.

"கடை வச்சிருக்கீகளா?"

"ஆமா பாட்டி. பலசரக்கு."

எனக்கு அவனைப் பிடித்துப்போனது பாலத்தில் இல்லை, அந்த இடத்தில்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, திட்டினாலும் பரவாயில்லை. இன்றைக்கு தனுஷ்கோடி என்று தேடினால் வருகிற வீடியோ எல்லாம் "பேய் நகரம்", "ஆவிகள் உலவும் ஊர்". 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு மனிதர்கள் போன இடம் அது. அதற்குப் பிறகும் அங்கேயே ஓலை வேய்ந்து, வலை இழுத்து, பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பொரித்துக் கொடுக்கிற மீனைச் சாப்பிட்டுக்கொண்டே "இங்கு மனித நடமாட்டமே இல்லை" என்று கேமராவில் குசுகுசுக்கிறார்கள். குடிதண்ணீருக்கும் கரண்டுக்கும் அவர்கள் நடையாய் நடப்பதைப் பற்றி எவனாவது ஒரு வீடியோ போடுகிறானா? சரி, விடுங்கள்.

விஷயம் வெளியே வந்ததும் அந்த வேனால்தான். ஓட்டியவருக்கு அத்தை வீட்டைத் தெரிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் கணக்குப்பிள்ளை குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். பெரியம்மா மோர் கொடுத்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்:

"ஏத்தா, உங்களுக்கு லீவு முடிஞ்சா பஸ் ஏறிருவீக. தொரைய ஊருக்கு அனுப்பிச்சுருவாக. நான் இங்கனதானே கெடக்கணும்? எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைக."

சட்டைப்பையில் அந்தக் குட்டி நோட்டு துருத்திக்கொண்டிருந்தது. என் அப்பாவும் அப்படி ஒரு நோட்டுதான் வைத்திருப்பார். முதலாளி வீட்டுப் பிள்ளை செய்த எதற்காவது அப்பா யார் வீட்டுத் திண்ணையிலாவது இப்படி உட்கார்ந்திருப்பாரா என்று யோசனை வந்ததும், எனக்கு அதற்கு மேல் அவனைப் பார்க்கும் ஆசையே வடிந்துவிட்டது. இதைத் தியாகம் என்றெல்லாம் சொல்லவில்லை. பதினேழு வயதில் பயமும் இருந்தது.

ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். கணக்குப்பிள்ளைக்கு எதுவுமே தெரியாது, தான்தான் பொய் சொல்லி அவரை ஏமாற்றியதாக அத்தையிடம் சொல்லிவிட்டான். நிஜத்தில் அவருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். அவர் வேலை தப்பியது. இவனை மறுநாள் ரயில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் பெரியப்பா முகவரிக்கு ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. பெரியம்மா பிரித்துப் படித்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லடி" என்று கையில் கொடுத்தார். உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஒரு பழைய ஜீப் எஞ்சினைப் பிரித்ததைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். நானும் காலேஜ் சேர்ந்ததைப் பற்றி எழுதினேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. தோப்பை இப்போது பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள் என்று கேள்வி.

ஆக, உங்களுக்கு என்ன சொல்வது? அவன் ராஜா வீட்டுப் பிள்ளைதானா, வாள் நிஜ வாளா என்றெல்லாம் துருவ வேண்டாம். அவனுக்குக் கார் ஓட்டுகிறவர், ஹாஸ்டல் வாட்ச்மேன், வீட்டில் சமைக்கிற அக்கா, உங்களால் யாருக்குத் திட்டு விழும் என்று அவனிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரிந்திருந்தால் நம்பலாம். "அவங்களைப் பத்தி உனக்கென்ன" என்றால் அந்த நம்பரை அழித்துவிடுங்கள். நடக்குமா என்றுதானே கேட்டீர்கள், நடக்கும். கல்யாணத்தில் முடியுமா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.