இறாலில் பிழையில்லை

திங்கட்கிழமை காலையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் இரண்டு மூன்று பேராவது இறாலைக் குற்றம் சொல்வார்கள். "ராத்திரி சாப்பிட்ட இறால் ஒத்துக்கொள்ளேல்ல, டொக்டர்." கண் சிவந்திருக்கும், நாக்கு காய்ந்திருக்கும். வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றால் அந்தச் சத்தத்துக்கே முகம் சுளிக்கும். கொட்டியாரக் குடா இறாலுக்கு இவ்வளவு பழி கூடாது; பிழை அதோடு உள்ளே போன குடியில். குடித்த அடுத்த நாள் வருகிற இந்த வருத்தத்தை 'ஹாங்ஓவர்' என்பார்கள். போன முறை அதைப் பற்றி நான் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வந்த கேள்விகள்தான் இவை. ஊரை மட்டும் போடுகிறேன், பெயர் போடவில்லை. திருகோணமலை சின்ன இடம்.

நான் சாராயம் தொடுவதில்லை, பியர் மட்டும்தான், அதுவும் இரண்டு போத்தல். ஆனால் சாராயம் குடித்த மச்சானைப் போலவே அடுத்த நாள் நானும் படுத்துக் கிடக்கிறேன். ஏன்? (நிலாவெளி)

போத்தலின் லேபிளைப் பாருங்கள். 'ஸ்ட்ரோங்' என்று விற்கிற பியரில் 8.8 சதவீதம் மதுசாரம். 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றுக்குள் கிட்டத்தட்ட 43 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. மச்சானின் கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். அதில் ஏறக்குறைய 47 கிராம். இரண்டு பியர் முடித்தால் நீங்கள் அரைப் போத்தல் சாராயத்துக்குக் கிட்டப் போய்விட்டீர்கள், தம்பி. 'பியர்தானே' என்ற சொல் இந்தக் கடற்கரையில் எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சராசரி ஈரல் மணித்தியாலத்துக்கு 7, 8 கிராமுக்கு மேல் எரிக்காது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய உங்கள் 86 கிராம் முடிய அடுத்த நாள் காலை ஏழு, எட்டு மணியாகும். தலையிடியும் குமட்டலும் உச்சத்துக்கு வருவது வெறி ஏறியிருக்கும்போது அல்ல, இரத்தத்தில் மதுசாரம் தீர்ந்து வரும் நேரத்தில்தான். அதாவது நீங்கள் வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில். இடையில் இன்னொன்றும் நடக்கிறது. சிறுநீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹோமோனை மதுசாரம் அடக்கிவிடும். இரவு நாலு தரம் எழும்பிப் போனது பியரின் தண்ணீர் மட்டுமல்ல, உங்கள் உடம்பின் தண்ணீரும்தான்.

விடிய ஐந்து மணிக்குக் கொழும்புக்கு வான் ஓட்ட வேண்டும். முதல் நாள் இரவு அரைப் போத்தல் எடுத்துவிட்டு நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டால் காணுமா? (உவர்மலை)

காணாது. மேலே உள்ள கணக்கையே போடுங்கள்: அரைப் போத்தல் சாராயத்தில் 100 கிராம் அளவில் மதுசாரம் இருக்கிறது. கந்தளாய் தாண்டும்போதும் வெறி முழுதாக இறங்கியிராது. உங்களுக்குத் தெளிந்த மாதிரி இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

படுக்கப் போகமுதல் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டால் காலையில் தலையிடி வராது என்கிறார்கள். உண்மையா? (லிங்கநகர்)

பனடோல் வேலை செய்வது நாலு முதல் ஆறு மணித்தியாலம். தலையிடி தொடங்கும்போது அது முடிந்துபோயிருக்கும். எப்போதாவது குடிக்கிறவர் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இரண்டு குளிசை போடுவதில் பெரிய பிழை இல்லை. நாளாந்தம் குடிக்கிறவர் கதை வேறு. பனடோலை உடைக்கும்போது உண்டாகும் நஞ்சு ஒன்றை ஈரல் உடனுக்குடன் அமத்த வேண்டும். தினமும் குடிக்கிற ஈரலில் அந்த நஞ்சு அதிகம், அமத்துகிற பொருள் குறைவு. எனவே ஆறு எட்டு என்று குளிசைகளை விழுங்க வேண்டாம். வலிக்குப் போடுகிற டைக்ளோபெனாக், அஸ்பிரின் இரண்டும் இன்னும் மோசம். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் இரைப்பையில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கன்னியா சுடுதண்ணியில் குளித்தால் வெறி முறியுமாம். கோப்பி, தேசிக்காய்ச் சாறு, காலையில் இன்னொரு பெக், இவற்றில் எது நல்லது? (அலஸ்தோட்டம், மூன்று நண்பர்கள்)

கன்னியாவின் ஏழு கிணறும் இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. வெறி முறிக்க அவன் ஒன்றும் தோண்டியதாகக் கேள்விப்படவில்லை. சூட்டுத் தண்ணீர் இரத்தக் குழாயை விரிக்கும். தண்ணீர் வற்றிய உடம்போடு வாளி வாளியாக ஊற்றினால் தலை சுற்றி விழலாம். கோப்பி நித்திரையை முறிக்கும், வெறியை முறிக்காது. தேசிக்காய் வாய்க்கு ருசி, அவ்வளவுதான். இன்னொரு பெக் வேதனையைப் பின்னேரத்துக்குத் தள்ளிப் போடும். அதையே வழக்கமாக்கினால் எங்கே போய் முடியும் என்பதற்குக் கீழே ஒரு கடிதம் இருக்கிறது.

நான் சொல்வது வேறு. பார்மசியில் ஒரு பக்கற் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சீனித் தூள்) வாங்கி ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். செவ்விளநீரும் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு குறைவு. வயிறு ஏற்றுக்கொண்டால் பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடிக்கலாம். என் அம்மம்மா குடிக்காதவர்களுக்கும் அதைத்தான் கொடுப்பார். பிறகு படுங்கள். கடலில் குளிக்கப் போக வேண்டாம்.

எனக்குச் சீனி வருத்தம், குளிசை போடுகிறேன். விருந்தில் சாப்பிடாமல் குடித்தால் சீனி ஏறாதுதானே? (சம்பல்தீவு)

ஏறாது, இறங்கும், அதுதான் பயம். மதுசாரத்தை எரிக்கிற வேலையில் ஈரல் சீனி உண்டாக்குவதை விட்டுவிடும். கிளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு நடுச்சாமத்தில் சீனி விழுந்தால் வியர்வையும் குழறலும் வரும். சுற்றி நிற்பவர்கள் 'வெறியில் கிடக்கிறார்' என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். வெறும் வயிற்றில் ஒருபோதும் வேண்டாம்.

என் கணவர் கலியாண வீட்டில் கதிரையைத் தூக்கி எறிந்தார். அடுத்த நாள் 'எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை' என்கிறார். நடிக்கிறாரா? (பாலையூற்று)

நடிக்காமலும் இருக்கலாம், தங்கச்சி. மதுசாரம் வேகமாக ஏறும்போது மூளையில் நினைவைப் பதிகிற இடம் வேலையை நிறுத்திவிடும். ஆள் நடப்பார், பாடுவார், சண்டை பிடிப்பார், மோட்டார் சைக்கிள்கூட ஓட்டுவார்; ஒன்றும் பதியாது. அது மறதி அல்ல. பதியாததை எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது. வெறும் வயிற்றில் மளமளவென்று குடிக்கிறவருக்கு இது அதிகம் வரும். பௌர்ணமிப் போயாவுக்குச் சாராயக் கடை பூட்டுமே என்று முதல் நாளே இரட்டிப்பாக வாங்கி, வாங்கியதை அன்றே முடிக்கிறவர்களிடம் நான் இதை நிறையப் பார்க்கிறேன்.

ஞாபகமில்லை என்பது கதிரை எறியவில்லை என்றாகாது. நடந்ததை நீங்கள் ஒரு தரம், கோபம் இறங்கிய ஒரு நாளில், முதலில் இருந்து கடைசி வரை அவருக்குச் சொல்லுங்கள். பகலில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். ஊர் சொல்லிக் கேட்பதை விட உங்கள் வாயால் கேட்பது அவருக்கு உறைக்கும்.

கோணேசர் கோயில் விரதத்துக்காக என் கணவர் திடீரென்று குடியை விட்டார். பதினைந்து வருடப் பழக்கம். இரண்டாம் நாள் கை நடுங்கி, தேத்தண்ணிக் கோப்பை பிடிக்க முடியவில்லை. நேற்றிரவு சுவரில் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருந்தார். நேர்த்தி பிழைத்துவிட்டதா? (சல்லி)

இந்தக் கடிதத்துக்கு நான் இங்கே எழுதும்வரை காத்திருக்கவில்லை, உடனே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நேர்த்தியும் பிழைக்கவில்லை, பேயும் பிடிக்கவில்லை. வருடக்கணக்காகக் குடிக்கிற மூளை, மதுசாரம் அமத்துகிற அளவுக்குத் தானும் எதிர்த்துத் தள்ளிப் பழகியிருக்கும். அமத்துவதைச் சட்டென்று எடுத்தால் தள்ளுவது மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத பூச்சியும் இல்லாத ஆளும் தெரியலாம். அந்த நிலையில் வைத்தியமில்லாமல் விட்டால் ஆள் சாகக்கூடும். இது ஹாங்ஓவர் இல்லை.

வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, சாராயம், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்க மருந்தும், விற்றமின் பி1 ஊசியும் கொடுப்பார்கள். "எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது" என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மானம் போகும் என்று 'காய்ச்சல்' என்று சொன்னால் காய்ச்சலுக்குத்தான் மருந்து தொடங்கும். போயா நாளில் மட்டும் கை நடுங்குகிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் தானாக நிறுத்தப் பார்க்கவே கூடாது. வைத்தியரோடு சேர்ந்து நிறுத்தட்டும். விரதம் அடுத்த வருடமும் வரும்.

கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஒரே பதில்: குடித்து அரை நாளோ ஒரு நாளோ கழித்துக் கண் மங்கினால், பார்வையில் வெள்ளையாகப் பனிப்புகார் மாதிரிப் படிந்தால், அது மெதனோல் என்ற நச்சு மதுசாரமாக இருக்கலாம். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

குடித்த இரவுகளில் மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது. நெஞ்சு அடிக்கிறது, செய்த பிழையெல்லாம் வரிசையாக வருகிறது. போன கிழமை மாமாவின் மணிவிழாவில் அவரையே 'கஞ்சன்' என்று சபையில் சொல்லிவிட்டேன். எப்படி முகம் கொடுப்பது? (உப்புவெளி)

மூன்று மணி முழிப்பில் பாதி இரசாயனம். முதல் பாதி இரவில் மதுசாரம் மூளையை அமத்தும். அது இறங்கும்போது மூளை துள்ளி எழும்பும். மேலே சல்லிக் கடிதத்தில் சொன்னதன் சின்னத் தம்பிதான் இது. அந்த நேரத்தில் சின்னப் பிழையும் கொலைக்குற்றம் மாதிரித் தெரியும். ஆகவே இருட்டில் முடிவு எடுக்காதீர்கள், வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கடிதமும் எழுதாதீர்கள். நான் இளம் வயதில் அப்படி ஒன்று எழுதினேன், அந்தக் காலத்தில் கடதாசியில். எழுதப்பட்டவர் அதைப் பத்து வருடம் எடுத்து எடுத்துக் காட்டினார்.

மற்றப் பாதி இரசாயனம் இல்லை. மாமாவை 'கஞ்சன்' என்றது நீங்கள்தான். நேரில் போங்கள். 'வெறியில் சொன்னது' என்று தொடங்காதீர்கள், அது மன்னிப்பு இல்லை, சாட்டு. 'சபையில் சொன்னது பிழை, மாமா' என்றால் போதும். மாமி நிற்கிற நேரமாகப் பார்த்து, காலையில் போங்கள். பின்னேரம் போனால் சமாதானத்துக்கென்று மாமாவே ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்.