மலேசியாவில் மேற்படிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மகனுக்குக் கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. “இந்தியர்களுக்குத்தான் விசாவே வேண்டாமே, முதலில் பையனை அனுப்பிவிடுங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? (மதுரை வாசகர்)

நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்குக் கிடைத்திருக்கும் 30 நாள் விசா விலக்கு, சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கானது. மாணவர் விண்ணப்பம் நடக்கும்போது ஆள் மலேசியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் விண்ணப்பம் சிக்கும். திரும்பி வர இன்னொரு டிக்கெட் செலவு, தவறிப்போன வகுப்புகள் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

சரியான வரிசை இதுதான். சேர்க்கைக் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகமே, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கையாளும் இஎம்ஜிஎஸ் என்ற அமைப்பின் வழியாக ஸ்டூடன்ட் பாஸுக்கு, அதாவது அங்கே தங்கிப் படிக்கும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கும். குடிநுழைவுத் துறை ஒப்புக்கொண்டால் இ-வால் எனப்படும் விசா ஒப்புதல் கடிதம் வரும். அதைக் காட்டி மாணவருக்கான ஒற்றை நுழைவு விசா வாங்க வேண்டும். டிக்கெட் போடுவது அதற்குப் பிறகுதான். இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் போலி.

நம் ஊர் விண்ணப்பங்கள் அதிகம் இடறும் இடம் பெயர்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். அங்கே உட்கார்ந்து கோப்பு பார்ப்பவருக்கு இரண்டு ஆள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தை முதல் தடவையிலேயே சேர்த்து அனுப்புங்கள். சேர்க்கைக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, ஸ்கேன் செய்ய வேண்டும். புகைப்படத்துக்கு வெள்ளைப் பின்னணி. பாஸ்போர்ட்டில் ஒன்றரை ஆண்டுக்குக் குறைவான காலமே மிச்சம் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொரு வேலை. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்க்யூஏ என்ற மலேசியத் தர முகமையின் பதிவேடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. மகனின் படிப்பு, அதே பெயரில், அதே வளாகத்தின் பேரில் அதில் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரம் என்று இருந்தால் படிப்பு புதியது, இன்னும் முழு அங்கீகாரம் பெறவில்லை என்று பொருள். பொறியியல் என்பதால், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். மலேசியா 2009 முதலும் இந்தியா 2014 முதலும் அதில் உறுப்பு. ஆனால் அந்தத் தகுதி தனித்தனிப் படிப்புக்குத்தான் கிடைக்கும், பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அல்ல.

கட்டணத்தை ஏஜென்ட் கணக்கில் போடாதீர்கள். வங்கி வழியே பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். வங்கியிலிருந்து வாங்கும் கல்விக் கடன் பணத்துக்கு டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி, பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் என்றால் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள், அதையும் வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

அங்கே போனதும் மருத்துவப் பரிசோதனை உண்டாமே. எதற்காக? மகளுக்குச் சளி மருந்தும் மசாலாப் பொடியும் கொடுத்தனுப்பலாமா? (தென்காசி வாசகி)

இறங்கிய 7 நாட்களுக்குள், இஎம்ஜிஎஸ் பட்டியலில் உள்ள கிளினிக்கில் ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய், எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ், போதைப்பொருள் எல்லாம் அதில் அடக்கம். இதில் தேறினால்தான் ஸ்டூடன்ட் பாஸ் பதிவாகும். அதுவரை நாட்டை விட்டு வெளியே கிளம்பக் கூடாது.

கோடீன் கலந்த இருமல் மருந்து சிறுநீரில் அபின் வகைப் பொருளாகத் தெரியும். கசகசா நிறையச் சேர்ந்த குருமாவும் அதே வேலையைச் செய்யலாம். ஆகவே பரிசோதனை முடியும் வரை இரண்டும் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி, மாத்திரையை அட்டையோடு கையில் வைத்திருக்கட்டும். சிங்கப்பூர் வழியாகப் போகிறார் என்றால் கசகசாவைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். மாதவிலக்கு நாளில் சிறுநீர் கொடுக்க நேர்ந்தால் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் தென்படுகிறது என்று மறுபடி அழைப்பார்கள்.

மிளகாய்த்தூளும் சாம்பார் பொடியும் சுமந்துகொண்டு போகத் தேவையே இல்லை. கோலாலம்பூரின் இந்தியக் கடைவீதியான பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைக்காத மசாலா நம் ஊர்ச் சந்தையிலும் கிடைக்காது.

பகுதிநேர வேலை செய்து செலவைச் சமாளிக்க முடியுமா? (சேலம் வாசகர்)

முடியாது என்றே கணக்குப் போடுங்கள். பருவ விடுமுறையிலும், 7 நாளைத் தாண்டும் விடுமுறையிலும் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. அதுவும் உணவகம், பெட்ரோல் பங்க், சிறு கடை, ஓட்டல் போன்ற இடங்களில்தான், கேஷியர் வேலை கூடாது. பல்கலைக்கழகம் வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வகுப்பு நாளில் யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் பாஸ் போய்விடும். பாஸைப் புதுப்பிக்க 80 சதவீத வருகைப்பதிவும் 2.0 சராசரிப் புள்ளியும் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

எம்பிபிஎஸ் அங்கே படித்தால் இந்தியாவில் செல்லுமா? (வேலூர் வாசகி)

நாட்டின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளோடு கல்லூரியை ஒப்பிடுங்கள். படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, ஆங்கிலவழி இருக்க வேண்டும், 12 மாத இன்டர்ன்ஷிப்பை அதே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிக்க வேண்டும், பட்டம் தரும் நாட்டில் தொழில் செய்யப் பதிவு பெறும் தகுதியும் வேண்டும். நீட் தேர்ச்சி கட்டாயம். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இன்டர்ன்ஷிப்பில்தான். “வெளிநாட்டு மாணவருக்கு இன்டர்ன்ஷிப் இடம் உறுதியா?” என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

தாவரவியல் முதுநிலை முடித்திருக்கிறேன். சபா மாநிலத்தில் மழைக்காட்டு ஆய்வு செய்ய விருப்பம். என்னென்ன தயாரிப்பு வேண்டும்? (நாகர்கோவில் வாசகி)

நல்ல தேர்வு. கோத்தா கினபாலுவில் உள்ள மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல உயிரியலுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. டானம் பள்ளத்தாக்கு 438 சதுர கிலோமீட்டர் காடு, அங்கே 1986 முதல் கள ஆய்வு நிலையம் இயங்குகிறது. கோலாலம்பூர் இருக்கும் தீபகற்பப் பகுதியிலேயே இருக்க நினைத்தால் மலாயா பல்கலைக்கழகத்துக்கு உலு கோம்பாக்கில் ஒரு கள நிலையம் உண்டு, தலைநகருக்குப் பக்கம்.

முதலில் தாள் வேலை. சபாவுக்கும் பக்கத்து மாநிலமான சரவாக்குக்கும் குடிநுழைவு அதிகாரம் தனி. கோலாலம்பூரில் வாங்கிய பாஸை வைத்துக்கொண்டு சபாவில் தங்கிப் படிக்க முடியாது, உள்நாட்டு விமானத்தில் போய் இறங்கினாலும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். இதற்கு மேல், வெளிநாட்டவர் உயிரியல் மாதிரி எடுக்க சபா உயிர்ப்பன்மை மையத்தின் உரிமம் வேண்டும், மாதிரியை வெளியே கொண்டுபோகத் தனி உரிமம். இது மாதக்கணக்கில் இழுக்கும். வழிகாட்டிப் பேராசிரியர் கிடைத்த அன்றே அதைத் தொடங்கினால்தான் முதல் ஆண்டு வீணாகாது. உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் உடன் பொறுப்பேற்காத திட்டம் நகராது.

இனி காடு. டானத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 2,800 மி.மீ. தாவர மாதிரியை நம் ஊர் மாதிரி செய்தித்தாளில் வைத்து வெயிலில் காயவைக்கலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து இலைகள் உதிர்ந்துவிடும். மாதிரி உலர்த்தும் அடுப்பு இல்லாத முகாமில், செய்தித்தாளில் மடித்த மாதிரிகளைக் கட்டாகக் கட்டி, தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டு, 50 முதல் 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றித் தாள் முழுக்க நனைத்து, காற்றுப் போகாமல் மூடுங்கள். நிலையத்துக்குத் திரும்பியபின் உலர்த்தலாம். பூவின் நிறம் போய்விடும், எனவே எடுத்த அன்றே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரையும். டிஎன்ஏவுக்கான இலைத்துண்டு ஒரு கிராம் என்றால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 10 கிராம் வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் அன்றே மாற்றுங்கள். இலை 24 மணி நேரத்துக்குள் மொடமொடவென்று காயவில்லை என்றால் டிஎன்ஏ சிதையத் தொடங்கியிருக்கும். கேமராவையும் மூடிபோட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், லென்சில் பூஞ்சை படர்ந்தால் துடைத்துப் போகாது.

விலை உயர்ந்த மலையேற்றக் காலணி அங்கே எடுபடாது, ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. உள்ளூர்க்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணிதான் சரி, ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மலிவு, சேற்றில் வழுக்காது. அதற்குள் முழங்கால் வரை வரும், ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாதபடி நெருக்கமாக நெய்த காலுறை இரண்டு ஜோடி. அட்டை கடித்தால் உப்பும் தீக்குச்சியும் வேண்டாம், அது வயிற்றில் உள்ளதைக் காயத்தில் கக்கும். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளுங்கள். ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்திவிடுவதால் நெடுநேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. சபாவில் குரங்கிலிருந்து கொசு வழியே மனிதருக்கு வரும் நோலேசி மலேரியா இருக்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், அதனால் நாளை பார்க்கலாம் என்று விடக் கூடாது. எலிக் காய்ச்சலும் உண்டு, காலில் வெட்டுக்காயத்தோடு ஓடையில் இறங்காதீர்கள். காட்டிலிருந்து திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் “காட்டுக்குப் போயிருந்தேன்” என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கோலாலம்பூர் நம் சென்னை மாதிரிதானே, துணிமணி எப்படி? (திருச்சி வாசகர்)

வெப்பம் சென்னையைவிடக் குறைவு, ஈரம் விடாது. பருத்தி போதும், ஆனால் வகுப்பறை ஏசிக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தோல் செருப்பும் பெல்ட்டும் பூசணம் பூக்கும். மின்சாரம் 230 வோல்ட், ஆனால் பிளக் மூன்று தட்டையான முனை கொண்டது, நம் உருண்டை முனை நுழையாது. இரண்டு அடாப்டர் எடுத்துப் போங்கள்.

ஜூலை முதல் அக்டோபர் வரை சுமத்ராவில் சதுப்பு நிலம் எரிந்தால் புகைமூட்டம் வரும். காற்றுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓட்டப்பயிற்சி வேண்டாம், 200ஐத் தாண்டினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள். வெளியே போக நேர்ந்தால் என்95 முகக்கவசம், துணி மாஸ்க் பயன்படாது. டெங்கு ஆண்டு முழுவதும் உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென் தொடவே கூடாது.

தமிழில் முனைவர் பட்டம் அங்கே செய்யலாமா? (புதுக்கோட்டை வாசகர்)

செய்யலாம். மலாயா பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது, தனிநாயகம் அடிகள் தலைமையேற்றிருந்த துறை அது. முதல் உலகத் தமிழ் மாநாடும் 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. மலேசியத் தமிழ் இலக்கியம், தோட்டப்புற வரலாறு, தமிழ்ப்பள்ளிகள் பற்றிய தலைப்பானால் மூல ஆவணங்கள் அங்கேயே கிடைக்கும். சங்க இலக்கியம் செய்வதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.