டாங்கியில் ரிப்பன், கையில் பாஸ்போர்ட்: கேள்வி பதில்

இம்முறை தலைப்பு: ரத்தம் சிந்தாமல் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும்போது ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள், சுற்றுலா போனவர்கள் என்ன செய்கிறார்கள், நடுவில் நாம் மாட்டினால் என்ன செய்வது. கேள்விகள் எல்லாம் புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வந்தவை. பாட்டாயா லாட்ஜ் வாடகை கேட்டவர்களும் தாய் பாத் இப்போது வாங்கலாமா என்று கேட்டவர்களும் மன்னிக்கவும்.

2006-ல பாங்காக்கில் வெள்ளைக்காரர்கள் டாங்கி பக்கத்துல குழந்தையோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்களாமே, உண்மையா சார்? பயமே இல்லையா? (லாஸ்பேட்டை)

உண்மை. 2006 செப்டம்பர் 19 இரவு தளபதி சொந்தி பூண்யரத்கலின் படைகள் பாங்காக்கில் இறங்கின. பிரதமர் தக்சின் ஷினவத்ரா ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். அங்கிருந்தே தொலைபேசியில் அவசரநிலை அறிவித்தார். 9-ஆம் சேனலில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுத்துவிட்டார்கள். மோதல் எதுவும் இல்லை. மறுநாள் வங்கி, பள்ளி, பங்குச்சந்தை எல்லாவற்றுக்கும் விடுமுறை. வீட்டில் சும்மா இருந்த குடும்பங்கள் தேர் பார்க்கக் கிளம்புவது மாதிரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டாங்கி பார்க்கக் கிளம்பின. சிப்பாய்களுக்கு ரோஜா, சாப்பாடு, தண்ணீர் பாட்டில். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் சுற்றுலாப் பயணிகளும் நின்றார்கள்.

ஆனால் அந்தப் படங்களில் துப்பாக்கியிலும் டாங்கியிலும் கட்டியிருக்கும் மஞ்சள் ரிப்பனைக் கவனியுங்கள். தாய்லாந்தில் கிழமைக்கு ஒரு நிறம் உண்டு, திங்களுக்கு மஞ்சள். மன்னர் பூமிபோல் பிறந்தது திங்கட்கிழமை. 'நாங்கள் மன்னர் பக்கம்' என்று சொல்லத்தான் அந்த ரிப்பன். பயணிக்கு அது திருவிழாத் தோரணம். ஊர்க்காரருக்கு அது கட்சிக்கொடி. எந்தக் கொடியின் கீழ் நிற்கிறோம் என்று தெரியாமலே பலர் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

பூ கொடுத்தது யார் என்பதும் முக்கியம். தக்சினுக்கு எதிராக மாதக்கணக்கில் ஊர்வலம் போன பாங்காக் நடுத்தர வர்க்கம் அது. அவருக்கு ஓட்டு விழுந்த வடக்கிலும் வடகிழக்கிலும் இந்தக் கொண்டாட்டம் கிடையாது. செப்டம்பர் 30 அன்று ஒரு டாக்சி ஓட்டுநர் தன் வண்டியை டாங்கியின் மேல் மோதினார். கொள்கைக்காக யாரும் அப்படிச் சாகத் துணிய மாட்டார்கள் என்று ராணுவத் தரப்பு ஏளனம் செய்தது. அக்டோபர் 31 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் படம் பயணிகளின் ஆல்பத்தில் இருக்காது.

இரவு 11.30-க்கு சென்னை விமானம். 10 மணிக்கு ஊரடங்கு. போக விடுவாங்களா? (ரெட்டியார்பாளையம்)

2014-ஐ வைத்துச் சொல்கிறேன். மே 20 விடியற்காலை ராணுவச் சட்டம், மே 22 மாலை ஆட்சிக் கவிழ்ப்பு, அன்றிலிருந்து இரவு 10 முதல் காலை 5 வரை ஊரடங்கு. பாஸ்போர்ட்டும் அன்றைய விமான டிக்கெட்டும் இருந்தால் சோதனைச் சாவடியில் விட்டார்கள். விமான நிலையமும் மூடவில்லை.

ஆனால் தடுப்பது சிப்பாய் இல்லை, டாக்சிதான். உங்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் வீடு திரும்ப வேண்டுமே! அவரிடம் விமான டிக்கெட் கிடையாது. அதனால் 8 மணிக்கு மேல் வண்டி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் மீட்டர் போட மாட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புவதால் மாலை 5 முதல் 9 வரை சாலையும் நகராது. மேல்பாலத்து ரயிலும் வழக்கத்துக்கு முன்பே நின்றுவிடும். எனவே 11.30 விமானத்துக்கு மதியம் 3 மணிக்கே கிளம்புங்கள். விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகுதான் வலிக்கும்.

கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் இருக்கட்டும். விடிய விடியத் திறந்திருக்கும் செவன்-இலெவன் கடைகளே அப்போது 10 மணிக்கு ஷட்டரை இறக்கின. டிக்கெட்டைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருந்தால் போதாதா என்று கேட்காதீர்கள். கவிழ்ப்பில் முதலில் அறுவது டேட்டா. அடுத்துத் தீர்வது பேட்டரி. சிப்பாய்க்கு உங்கள் ஆங்கிலமும் புரியாது, திரையில் விரலால் தள்ளிக் காட்டும் மெயிலும் புரியாது. தாளில் பெயர், தேதி, நேரம் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும்.

ஊரடங்குன்னா நம்ம பீச் ரோடு மாதிரிதானே? (முத்தியால்பேட்டை)

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிக்குத்தான் தடை, நடக்கலாம், சுண்டலும் கிடைக்கும். ஊரடங்கில் நடந்தாலும் தடை. விடுதி வாசலைத் தாண்டாதீர்கள்.

என்கிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட், அம்மாவிடம் இந்தியப் பாஸ்போர்ட். தாத்தா சொல்தாவா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) இருந்தவர். நாங்க ரெண்டு பேரும் மாட்டினா யார்கிட்ட போறது? (புதுச்சேரி, ரோமன் ரோலண்ட் வீதி)

நம் ஊருக்கே உரிய கேள்வி. ஒரே குடும்பம், இரண்டு கதவு. நீங்கள் பிரெஞ்சுத் தூதரகம், அம்மா இந்தியத் தூதரகம். கிளம்பும் முன்பே இரண்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பதிவில் அம்மா பெயரைக் குடும்ப உறுப்பினராகக் குறிப்பிடுங்கள். உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் நகலை இருவரும் ஆளுக்கொன்று வைத்திருங்கள். மீட்பு விமானத்தில் முதலிடம் சொந்தக் குடிமக்களுக்குத்தான். மற்றவர்களை இடமிருந்தால்தான் ஏற்றுவார்கள்.

நைஜர் நாட்டைப் பாருங்கள். நைஜீரியா இல்லை, நைஜர். 2023 ஜூலை 26 அன்று அதிபரின் காவல்படையே அவரைச் சிறைவைத்தது. ஜூலை 30 அன்று தலைநகர் நியாமேயில் கவிழ்ப்பை ஆதரித்த கூட்டம் பிரெஞ்சுத் தூதரகத்தைத் தாக்கியது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பிரான்ஸ் விமானம் அனுப்பி ஆட்களை எடுத்துவிட்டது. ஆகஸ்ட் 6 அன்று வான்வெளி மூடப்பட்டது. நம் வெளியுறவு அமைச்சகம் வெளியேறச் சொன்னது ஆகஸ்ட் 11. அதற்குள் தரைவழிதான் மிச்சம். அதாவது தெருவில் ஆபத்து அதிகம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு, விமானம் முதலில் வந்ததும் அதற்கே. உங்கள் வீட்டில் இரண்டும் இருப்பதால் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். டிக்கெட் மட்டும் தாளில் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா? (விருத்தாசலம்)

பெரும்பாலான பயணக் காப்பீட்டில் போர், கலகம், ஆட்சிக் கவிழ்ப்பு எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். பாலிசியின் பின்பக்கப் பொடியெழுத்தைப் படியுங்கள். இன்னொன்று: விமானம் ஓடும்போது பயந்துபோய் நீங்களே ரத்து செய்தால் அது உங்கள் விருப்ப ரத்து; கழிவு போகும். விமான நிறுவனமே ரத்து செய்தால்தான் முழுப்பணத்துக்கு வழி. அவசரப்பட்டு முந்தாதீர்கள்.

அண்ணே, நம்ம நாட்டுக்கும் ஒரு ஆறு மாசம் ராணுவ ஆட்சி வந்தாத்தான் எல்லாம் நேராகும். தாய்லாந்துக்காரன் பூ கொடுத்தது சும்மாவா? (நெய்வேலி)

இந்தக் கேள்வி ஏதாவது டீக்கடையிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். ஆறு மாதக் கணக்கைப் பார்ப்போம். 2014-ல் தாய்லாந்தில் ஆட்சியைப் பிடித்த தளபதி பிரயுத் சான்-ஓ-சா அடுத்த ஆண்டே தேர்தல் என்றார்; நடந்தது 2019 மார்ச் 24. 1999 அக்டோபர் 12 அன்று முஷாரஃப் வந்தபோது பாகிஸ்தானில் இனிப்பு வழங்கினார்கள். அவர் இறங்கியது 2008 ஆகஸ்ட் 18. ஆறு மாதம் எங்கே வருகிறது?

போர்ச்சுகல் என்ன ஆச்சு ஐயா? அதை ஏன் சொல்லாம விடறீங்க? (சிதம்பரம்)

சரியான பிடி. ஒப்புக்கொள்கிறேன். 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் இறங்கிய இளம் அதிகாரிகள் ஓராண்டுக்குள் தேர்தல் என்றார்கள். 1975 ஏப்ரல் 25 அன்றே நடத்தினார்கள். வீட்டைவிட்டு வராதீர்கள் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லியும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செலஸ்தே கைரோ என்ற பெண் வேலை பார்த்த உணவகத்துக்கு அன்று ஓராண்டு நிறைவு. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வாங்கிய கார்னேஷன் பூக்கள், கடை திறக்காததால் ஊழியர்கள் கைக்கு வந்தன. வழியில் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்க, அது இல்லாததால் பூவைக் கொடுத்தார். அதைத் துப்பாக்கிக் குழலில் செருகினார்கள். ஆனால் அங்கே கவிழ்ந்தது சர்வாதிகாரம், தேர்ந்தெடுத்த ஆட்சி இல்லை. ரகசியப் போலீஸ் சுட்டதில் 4 பேர் செத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு பேரும் பர்மாவை மறந்துட்டீங்க. எங்க வீட்டுப் பெரியவங்க ரங்கூன்ல இருந்து வந்தவங்க. (கடலூர் முதுநகர்)

மறக்கவில்லை அம்மா, வைத்திருந்தேன். 2021 பிப்ரவரி 1. காலையில் ஏடிஎம் முன்னால் வரிசை, போன் இணைப்பு அறுந்தது, வங்கி மூடியது. தலைநகர் நேப்பிடோவில் ஒரு பெண் உடற்பயிற்சி செய்து வீடியோ எடுத்துக்கொண்டிருக்க, பின்னால் ராணுவ வண்டிகள் வரிசையாகப் போயின. உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் இரவு 8 மணிக்கு வீட்டுக்கு வீடு சட்டி பானை தட்டினார்கள். கெட்ட ஆவியை விரட்ட அங்கே அப்படித் தட்டுவது வழக்கம். முதல் வாரம் ரத்தமில்லை. பிப்ரவரி 9 அன்று போராட்டத்தில் ஓர் இளம்பெண் சுடப்பட்டார். 19 அன்று இறந்தார். மார்ச் 27 ஒரே நாளில் நூற்றுக்கு மேல். அதனால்தான் 'அமைதியான கவிழ்ப்பு' என்ற சொல்லை முதல் வாரச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அது பர்மா. நம்ம ராணுவம் அப்படி இல்ல அண்ணே. (மீண்டும் நெய்வேலி)

அப்படி இல்லாததற்குக் காரணமே நீங்கள் கேட்பதை அது செய்யாததுதான். இந்தக் கிளையை இங்கே வெட்டுகிறேன். இன்னும் பதினொரு பேர் இதிலேயே தொங்குகிறார்கள்.

நம்ம பக்கம் இப்படி எப்பவாவது நடந்திருக்கா? (மஞ்சக்குப்பம்)

நடந்திருக்கிறது, 1776-ல். சென்னை ஆளுநர் பிகட் பிரபு தஞ்சாவூரை மராட்டிய அரசர் துளஜாவிடம் திருப்பித் தந்தார். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தஞ்சை வருவாயை நம்பியிருந்த கம்பெனி ஆட்களுக்கு அடிவயிறு கலங்கியது. ஆகஸ்ட் 24 அன்று ஆலோசனைச் சபைப் பெரும்பான்மையினர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை வைத்து ஆளுநரையே கைது செய்தார்கள். பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். மறு ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்தார். கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் 1746 முதல் 1752 வரை உங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்தான் இருந்தது; அப்படியே நீடித்திருந்தால் இந்தப் பெருமை கடலூருக்கு வந்திருக்கும்.

பீஜித் தீவுக்கு முருகன் கோயில் பார்க்கப் போகணும். அங்கேயும் அடிக்கடி கவிழ்ப்பாமே? (பண்ருட்டி)

1987-ல் இரண்டு முறை, 2000-ல் ஒரு முறை, 2006-ல் ஒரு முறை. முதலாவது 1987 மே 14: ராணுவ அதிகாரி ராபுகா தலைமையில் முகமூடிச் சிப்பாய்கள் தலைநகர் சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, இந்திய வம்சாவளியினர் ஆதரவோடு வந்த அரசை வெளியேற்றினார்கள். அப்போது பதவியேற்று ஒரு மாதம்தான். நீங்கள் போகும் சிவசுப்பிரமணியர் கோயில் நாடியில்; பன்னாட்டு விமான நிலையமும் கடற்கரை விடுதிகளும் அந்தப் பக்கம்தான். சுவா தீவின் எதிர்க்கோடி. அதனால் விடுதிக்காரரும் பயணியும் 'ஒன்றும் நடக்கவில்லையே' என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது: 1986-ல் மக்கள்தொகையில் 48.7 விழுக்காடு இந்திய வம்சாவளி, 2007-ல் 37.5. மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களில் தமிழர் வீடுகளும் உண்டு. கோயிலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கேளுங்கள். நீங்களாக அதைக் கிளறாதீர்கள்.

இப்ப தாய்லாந்து போனா மன்னரைப் பத்திப் பேசலாமா? (வில்லியனூர்)

கூடாது. குற்றவியல் சட்டம் 112: 3 முதல் 15 ஆண்டு. வெளிநாட்டவர் என்று விட மாட்டார்கள். 2007-ல் மன்னர் படங்களின் மேல் பெயின்ட் அடித்த சுவிட்சர்லாந்துக்காரருக்கு 10 ஆண்டு விதித்து, பிறகு மன்னர் மன்னிப்பில்தான் விட்டார்கள்.

டூர் குரூப்பா 22 பேர் போறோம். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூடக் கூடாதுன்னு சொன்னாங்களே? (அரியாங்குப்பம்)

அது 2014 கவிழ்ப்பின்போது அரசியல் கூட்டத்துக்குப் போட்ட தடை; 2018 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். ஆனால் எது அரசியல் என்று அந்த நேரத்துச் சிப்பாய்தான் முடிவு செய்தார். 2014 ஜூனில் பாங்காக் பேரங்காடி அருகே எதிர்ப்பின் அடையாளமாகச் சாண்ட்விச் சாப்பிட்ட மாணவரையே பிடித்துப் போனார்கள். மூன்று விரலை உயர்த்துவதும் எதிர்ப்புச் சைகைதான். குரூப் போட்டோவில் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நிறத் தொப்பி, பனியன் வாங்கித் தரும் டூர்காரரிடம் மஞ்சளும் சிவப்பும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிவப்பு தக்சின் ஆதரவாளர் நிறம்.

கவிழ்ப்புக்கு அப்புறம் டூரிஸ்ட் வரத்து குறையுமா? (ஆரோவில் அருகே விருந்தினர் இல்லம்)

தாய்லாந்துக்கு 2006-ல் 1.38 கோடிப் பேர், 2007-ல் 1.45 கோடி. குறையவில்லை. 2013-ல் 2.65 கோடி, 2014-ல் 2.48 கோடி. குறைந்தது, ஆனால் அந்த ஜனவரியிலிருந்தே பாங்காக்கில் சாலை மறியல். ராணுவம் ஜூன் 3 அன்று பாட்டாயா, புக்கெட், சாமுயி மூன்றிலும் ஊரடங்கை நீக்கியது. நாடு முழுக்க நீக்கியது ஜூன் 13. எங்கே காசு வருமோ அங்கே முதலில்.

கையில எவ்வளவு பணம்? (நெல்லிக்குப்பம்)

மூன்று நாள் சாப்பாடு, ஒரு டாக்சி, சில்லறை நோட்டாக. ஏன் என்பது மேலே பர்மாவில்.

டாங்கியோட செல்ஃபி எடுக்கலாமா? (உப்பளம்)

சிப்பாயிடம் கையால் கேளுங்கள். தலையாட்டினால் ஒன்று. சோதனைச் சாவடி, ராணுவ வளாகம், டிரோன் வேண்டாம்.

செல்ஃபி எடுக்கலாமா சார்? (காலாப்பட்டு)

இதற்கு மேலே உள்ள பதில்.

டிக்கெட் மொபைல்ல இருந்தா போதும்தானே? (திருப்பாதிரிப்புலியூர்)

ரயிலடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும். இரண்டு பிரதி. ஒன்று பெட்டியில், ஒன்று சட்டைப்பையில்.