38ஆவது தெரிவு, இரண்டு மீட்டர் உயரம், 600 டாலர் ஜெர்சி

கேள்வி: நாங்கள் மெல்பர்னில், டாண்டனாங் பக்கம் வசிக்கிறோம். குடும்பமே ஃபுட்டி (ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து) ரசிகர்கள். கடந்த நவம்பர் டிராஃப்டில் (கிளப்புகள் வரிசைமுறையில் புது ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்ச்சி) எங்கள் கிளப் 38ஆவது தெரிவாக ஒரு 18 வயதுப் பையனை எடுத்தது. உயரம் 203 செ.மீ., ரக் ஆட்டக்காரன் (நடுவர் உயரே விடும் பந்துக்கு எழும்பி மோதுபவன்). நாட்டுப்புறத்துப் பையன், கிளப்போடு குடும்பத் தொடர்பு எதுவும் கிடையாது. அவனுடைய காணொளியைப் பார்த்த நாளிலிருந்து என் மகன் (வயது 13) "இவன்தான் அடுத்த மேக்ஸ் கான்" என்கிறான். அலுவலகத்திலோ "வீணாய்ப்போன தெரிவு" என்று சிரிக்கிறார்கள். இதற்கிடையே தெரிந்தவர் மூலம் வந்த வியாபாரி ஒருவர், பையன் கையெழுத்திட்ட ஜெர்சியும் கார்டும் சேர்த்து 600 டாலர் என்கிறார். "கேரி ஏப்லட்டும் 40ஆவது தெரிவுதான். விலை ஏறுவதற்குள் வாங்கிப் போடுங்கள்" என்று அவசரப்படுத்துகிறார். பையன் தேறுவானா? வாங்கலாமா ஐயா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். முதல் கேள்விக்குப் பதில் இன்று யாரிடமும் இல்லை. என்னிடம் இல்லை, உங்கள் அலுவலகத்தில் சிரிப்பவர்களிடம் இல்லை, அவனை எடுத்த கிளப்பிடமும் இல்லை. அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் 38 வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

வியாபாரி சொன்ன ஏப்லட் கதையைக் கொஞ்சம் நிதானமாக உடைக்க வேண்டும். ஆண்டுதோறும் டிராஃப்ட் முடிந்த கையோடு இந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பிழைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கேரி ஏப்லட் ஜூனியர் 2001 டிராஃப்டில் 40ஆவது தெரிவு. உண்மை. பிறகு 2009இலும் 2013இலும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். அதுவும் உண்மை. ஆனால் அந்த 40 அவர் திறமைக்கு யாரும் போட்ட மதிப்பெண் அல்ல. அவர் தந்தை-மகன் விதியின் கீழ் ஜீலாங் கிளப்புக்குப் போனவர். தந்தை ஒரு கிளப்புக்குப் போதுமான ஆட்டங்கள் ஆடியிருந்தால் (இன்றைய கணக்கு 100) மகனை அந்தக் கிளப் முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அதற்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவு, அவ்வளவுதான். மகன் நாட்டிலேயே முதல் ஆளாக இருந்தாலும் அதே விலை, சுமாராக இருந்தாலும் அதே விலை. மாமன் கடையில் மருமகனுக்குப் போட்ட பில்லைக் காட்டி, இதுதான் சந்தை நிலவரம் என்று சொன்னால் நம்புவீர்களா?

இன்னும் பச்சையாகத் தெரிய வேண்டுமானால் டாம் ஹாக்கின்ஸைப் பாருங்கள். 2006 டிராஃப்டில் 41ஆவது தெரிவு. அந்த ஆண்டு வந்த பையன்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் 41, ஏனென்றால் அவருடைய தந்தையும் ஜீலாங்குக்கு ஆடியவர். மற்ற கிளப்புகள் பொறுமை இழந்து முணுமுணுத்த பிறகு 2007இல் ஏல முறை வந்தது. 2015இல் அதற்குப் புள்ளிக் கணக்கும் வந்தது. இப்போது வேறொரு கிளப் கேட்கிற இடத்துக்கு ஏற்ப ஈடு கொடுத்தால்தான் மகன் கிடைப்பான். 2021இல் நிக் டேகாஸை கோல்டு கோஸ்ட் 4ஆவது தெரிவில் கேட்டது. காலிங்வுட் அதற்கு ஈடுகட்டித்தான் எடுத்தது. சிட்னி, பிரிஸ்பேன் போன்ற வடக்குக் கிளப்புகளின் அகாடமியில் வளர்ந்த பையன்களுக்கும் இதே ஏலம்தான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒவ்வொரு ஏலம் ஈடுகட்டப்படும்போதும் பின்னால் நிற்பவர்களின் எண் ஒன்று கீழே இறங்குகிறது. காலையில் 34 என்று கையில் வைத்திருந்த தெரிவு இரவில் 38 ஆகிவிடும். அந்த எண்ணைப் பொன்னெழுத்தில் பொறித்துக் கார்டு விற்கிறார்கள்!

ஆக, உங்கள் பையனை ஏப்லட்டோடும் ஹாக்கின்ஸோடும் ஒப்பிடுவது செல்லாது. அவனுக்குச் சலுகை தர மாமன் கடை கிடையாது. அவனுடைய 38 உண்மையான 38. ஏறக்குறைய எல்லாக் கிளப்பும் அவனைப் பார்த்துவிட்டு ஒரு முறையாவது "வேண்டாம், அடுத்த ஆள்" என்று சொல்லியிருக்கிறது. அதனால் அவன் தேற மாட்டான் என்று பொருள் அல்ல. சாம் மிட்செல் 36ஆவது தெரிவு, டேன் ஸ்வான் 58ஆவது தெரிவு, இருவரும் அதே 2001 டிராஃப்டில் வந்து பிரவுன்லோ வரை போனவர்கள். ஆனால் அதே எண்களில் எடுக்கப்பட்டு, சீனியர் அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பியவர்களும் ஏராளம். அந்தப் பட்டியலை எந்த வியாபாரியும் கையில் கொண்டு வருவதில்லை.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. மேக்ஸ் கான் 2009 டிராஃப்டில் 34ஆவது தெரிவு, அவரும் ரக். மீதிப் பாதியைக் காணொளி சொல்லாது. முதல் சீனியர் ஆட்டம் ஆட 2011 ஆயிற்று. முழங்கால் காயத்தால் 2012 முழுவதும் வெளியே உட்கார்ந்தார். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஆஸ்திரேலியன் அணியில் முதல் முறையாக இடம் கிடைத்தது 2016இல், அதாவது டிராஃப்டுக்குப் பிறகு ஏழாவது பருவத்தில். 1964க்குப் பிறகு மெல்பர்ன் கிளப் காணாத கோப்பையை 2021இல் கேப்டனாகத் தூக்கியபோது அவருக்கு வயது 29. அதே கணக்கில் போனால், உங்கள் மகனுக்கு 20 வயது ஆகும்போதுதான் இந்தப் பையன் யார் என்று தெரியவரும்.

ரக் ஆட்டக்காரனுக்கு ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். நடுவர் பந்தை உயரே விடும்போது இரண்டு நெட்டையர்கள் ஓடி வந்து, மார்போடு மார்பு மோதி, முழங்காலை முன்னே தூக்கி எழும்பி, பந்தைத் தன் ஆளின் கைக்குத் தட்டிவிட வேண்டும். சீனியர் ரக் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டியவர்கள். 18 வயது நெட்டைப் பையன் கம்பிபோல் இருப்பான். உயரம் பிறப்போடு வந்தது. அந்த எடையும் முரட்டுத்தனமும் சாப்பாட்டு மேசையிலும் பயிற்சிக்கூடத்திலும் மூன்று நான்கு ஆண்டுகள் கிடந்தால்தான் வரும். முதல் ஆண்டிலேயே வந்து கலக்குகிறவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள், பெரும்பாலும் நடுக்கள ஆட்டக்காரர்கள். உங்கள் கேள்விக்கு அவர்கள் உதவ மாட்டார்கள்.

வளர்ந்து முடியாத பையன்களை 18 வயதில் வரிசையில் நிறுத்தி எண் போடும் இந்த ஏற்பாட்டிலேயே எனக்குக் கோபம் உண்டு. ஓரிரண்டு ஆண்டு தள்ளி நடத்தினால் நெட்டையர்கள் விஷயத்தில் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் தொலைக்காட்சிக்கு நவம்பரில் விறுவிறுப்பு வேண்டும். மறுநாள் காலையிலேயே எல்லாக் கிளப்புகளுக்கும் ஏ, பி, சி என்று மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரு பந்துகூட உதைபட்டிருக்காது. இந்த அவசரம் ஒரு பையனை என்ன செய்யும் என்பதற்கு ஜாக் வாட்ஸைப் பாருங்கள். 2008இன் முதல் தெரிவு. அடுத்த ஆண்டு, பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, அரசி பிறந்தநாள் ஆட்டத்தில் எம்.சி.ஜி.யில் காலிங்வுட்டுக்கு எதிராக இறக்கினார்கள். எதிரணியினர் அவரைச் சூழ்ந்து முட்டித் தள்ளிய அந்தக் காட்சி அவர் ஓய்வு பெறும்வரை கூடவே வந்தது. பத்தாண்டுகளுக்கும் குறையாமல் சீனியர் ஃபுட்டி ஆடியவருக்கு, ரசிகர்கள் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அடுத்து, உங்கள் மகன் பார்த்த காணொளி. சில குளிர்காலங்கள் நான் ஒரு 18 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆட்டக் குறிப்பு எழுதும் வேலை செய்தேன். கிளிப்போர்டும் பென்சிலும் கையில், விரல் விறைக்கும் குளிர். ஒருநாள் ஒரு தந்தை என்னிடம் கைபேசியை நீட்டினார். பையனை முகவர்களிடம் காட்டுவதற்காக ஓர் இடைத்தரகருக்குப் பணம் கொடுத்துச் செய்த காணொளி, மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பார்த்துக்கொண்டே வந்தேன். நான்காவதாக வந்த அருமையான மார்க்கில் (உதைத்த பந்தைக் காற்றிலேயே பிடிப்பது) நிறுத்தச் சொன்னேன். பையனின் முதுகு எண் 27. பந்தைப் பிடித்தவன் முதுகில் 29. நான் எழுதிய குறிப்பிலேயே அந்த மார்க் 29ஆம் எண்காரன் பெயரில்தான் இருந்தது. தந்தைக்கு அது தெரியாது. அவர் நின்ற நிலையைப் பார்த்து நானும் உடனே சொல்லவில்லை, தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன்.

எல்லாக் காணொளியும் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எதையும் உதை முடிந்த கணத்தில் வெட்டிவிடுவார்கள் என்பதைக் கவனியுங்கள். பந்து எங்கே போய் விழுந்தது, எதிரணி பறித்ததா, இவன் திரும்பி ஓடினானா, எதுவும் இருக்காது. அதேபோல டிராஃப்ட் சோதனை எண்களையும் தூக்கிப்பிடிக்காதீர்கள். 20 மீட்டரை மூன்று விநாடிக்குள் ஓடினால் நல்ல வேகம்தான். அந்த ஓட்டத்தில் அவனை யாரும் இடிப்பதில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இந்தப் பையன் முதல் ஆண்டைப் பெரும்பாலும் வி.எஃப்.எல். இரண்டாம் நிலை அணியில்தான் கழிப்பான். கிரான்போர்னில் உள்ள கேசி ஃபீல்ட்ஸ் மைதானம் உங்களுக்குத் தூரமில்லை. அவன் அணி அங்கே ஆட வரும் நாளில் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். காற்றுக்குப் பெயர்போன இடம், கம்பளிச் சட்டை வேண்டும். மகன் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, கடைசிக் கால் பகுதி முழுவதும் பந்தைப் பார்க்காமல் அந்தப் பையனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் 13 வயதுக்காரனுக்குக் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ரக் மோதலில் அவன் தோற்றால் பரவாயில்லை, இந்த வயதில் தோற்கத்தான் செய்வான். தோற்ற அடுத்த நொடியில் என்ன செய்கிறான்? இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, கீழே விழுந்த பந்தின் பின்னால் குனிந்து போகிறானா? நிற்பதற்கு ஒரு கோடு, போவதற்கு ஒரு கோடு. வென்றால், பந்து தன் ஆளின் கைக்கு இறங்கியதா, வெறுமனே காற்றில் பறந்ததா என்று குறிக்கச் சொல்லுங்கள். அணி பின்வாங்கும்போது தற்காப்புப் பக்கம் ஓடி வந்து குறுக்கே நிற்கிறானா என்பதும் முக்கியம். பல மைதானங்களில் இடைவேளையின்போது உள்ளே இறங்கிப் பயிற்சியாளர் பேசுவதைச் சற்றுத் தள்ளி நின்று கேட்கலாம். பையன் அவர் முகத்தைப் பார்க்கிறானா, தரையைப் பார்க்கிறானா என்பதை நான் எப்போதும் கவனிப்பேன். இதெல்லாம் ஒரே ஆட்டத்தில் தெரியாது. ஒரு பருவத்தில் மூன்று நான்கு முறை போங்கள், அடுத்த ஆண்டும் அதே தாளை எடுத்துக்கொண்டு போங்கள். குனிந்து போகும் கோடுகள் கூடியிருந்தால் உங்கள் மகன் பக்கம் நியாயம் கொஞ்சம் சாய்கிறது.

வீட்டில் இருந்தபடி பார்க்க ஒரு விஷயம்: கிளப்பின் முதல் ரக் ஆட்டக்காரருக்கு வயது என்ன? முப்பதை நெருங்குகிறார் என்றால் பையனை வளர்க்கத்தான் எடுத்திருக்கிறார்கள். இருபத்து மூன்று என்றால் வழி நீளம்.

இனி அந்த 600 டாலர். முதல் சுற்றுக்குப் பிறகு டிராஃப்டில் எடுக்கப்படும் பையனுக்குக் கையில் உறுதியாக இருப்பது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். ரக் ஆட்டக்காரன் யார் என்று தெரிய அதைவிட அதிக காலம் வேண்டும் என்று பார்த்தோம். புதியவர்களுக்குத் தருகிற பெரிய ஜெர்சி எண்ணும் நிலையில்லாதது, ஆள் நிலைத்தால் சின்ன எண்ணுக்கு மாறிவிடுவார். வியாபாரி நீட்டும் "அசல் சான்றிதழை" யார் கொடுத்தது என்று ஒருமுறை கேளுங்கள். லீக்கோ கிளப்போ கொடுத்ததாக இருக்காது, அவரே தன் பிரிண்டரில் அடித்ததாக இருக்கும். கார்டில் "150இல் 12" என்று இருந்தால் அரிது என்பார். கேட்க ஆள் இல்லாத பொருள் 150 இருந்தால் என்ன, 12 இருந்தால் என்ன? நடுவில் "தெரிந்தவர்" ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவருக்கு இதில் எவ்வளவு என்பதையும் விசாரியுங்கள்.

மகனுக்கு ஆசை இருந்தால் கடையில் சாதாரண ஜெர்சி ஒன்று வாங்கிக் கொடுத்து, பருவம் தொடங்குமுன் கிளப் நடத்தும் திறந்த பயிற்சி நாளுக்குக் கூட்டிப் போங்கள். நட்சத்திர ஆட்டக்காரர்களைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். 38ஆவது தெரிவுப் பையன் வேலி ஓரத்தில் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நின்றுகொண்டிருப்பான். இலவசமாகவே கையெழுத்துப் போட்டு, உங்கள் மகனிடம் இரண்டு வார்த்தை பேசவும் செய்வான். துணியில் அழியாத மார்க்கர் பேனாவாக எடுத்துப் போங்கள், சாதாரணப் பேனா மை முதல் சலவையிலேயே போய்விடும்.