ரமோன்ஸ் சத்தம் வேண்டுமா? கிட்டாரை மாற்றாதீர்கள்

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வாசிக்க முயல்கிறோம். என்னிடம் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிட்டாரும் 20 வாட் பிராக்டிஸ் ஆம்பும் இருக்கின்றன. பேஸ் வாசிக்கும் நண்பனும் இன்னொரு சின்னக் கிட்டார் ஆம்பில்தான் செருகிக்கொள்கிறான். என்னிடமுள்ள மெட்டல் பெடலில் டிஸ்டார்ஷனை (கரகரப்பை) கூட்டக் கூட மெட்டல் மாதிரி ஆகிறதே தவிர, அந்தச் சத்தம் வரவில்லை. சேர்த்து வைத்த பணத்தில் அவர்கள் வாசித்த மோஸ்ரைட் மாதிரிக் கிட்டார் வாங்கலாமா, வேறு நல்ல டிஸ்டார்ஷன் பெடல் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், அதற்கு வேறு செலவு இருக்கிறது.

ரமோன்ஸின் கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் மோஸ்ரைட் வாங்கியது 1974இல், நியூயார்க்கில் இருந்த மேனிஸ் மியூசிக் கடையில். விலை ஐம்பது டாலரைச் சற்றே தாண்டியது. கையிலிருந்த காசுக்குக் கிடைத்த கிட்டார் அது. இன்று அதே கிட்டார் சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகிவிட்டதால், அதன் சாயலில் வருபவைகூட மலிவாக இல்லை. அந்தக் கிட்டாரில் கவனிக்க வேண்டியது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் அதன் பிக்கப்தான். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில்தான், ஆனால் ஸ்ட்ராட்டில் இருப்பதைவிட அகலமானது, வலுவான சிக்னல் தருவது. இன்று சாதாரணமாகக் கிடைப்பவற்றில் பி-90 என்ற பிக்கப் அதற்கு நெருக்கம். உங்கள் ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டாரின் உடலில் பொருந்தும் இடம்) பக்கமுள்ள பிக்கப்பைக் கம்பிகளுக்குக் கொஞ்சம் அருகே உயர்த்தினாலே பாதி தூரம் வந்துவிடலாம். பிறகும் மெலிசாகப் பட்டால், அதே அளவுக் குழியில் உட்காரும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சோதனை. முதல் ஆல்பத்தை ஹெட்போனில் போட்டு, இடது காதுப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். 1976 பிப்ரவரியில் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்திலிருந்த பிளாசா சவுண்ட் ஸ்டூடியோவில், ஒரே வாரத்தில், சுமார் 6,400 டாலர் செலவில் பதிவான ஆல்பம் அது. 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். பேஸை இடது பக்கமும் கிட்டாரை வலது பக்கமும் ஒதுக்கி, டிரம்ஸையும் குரலையும் நடுவில் வைத்திருக்கிறார்கள். அதனால் வலது பக்கம் மட்டும் கேட்டால் ஜானியின் கை அப்படியே தெரியும். கேட்டதும் ஆச்சரியப்படுவீர்கள்: நீங்கள் வைத்திருக்கும் அளவு டிஸ்டார்ஷன் அதில் இல்லவே இல்லை. கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில், உள்ள ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. அப்புறம் மறுபக்கத்தை மாட்டிக் கேளுங்கள். நீங்கள் இத்தனை நாள் ‘கிட்டார் சத்தம்’ என்று நினைத்த கனத்தில் பெரும்பங்கு டீ டீ ரமோனின் பேஸிலிருந்து வருவது புரியும்.

டிஸ்டார்ஷன் ஏன் குறைவாக இருக்க வேண்டும்? ஜானி இரண்டு கம்பி பவர் கார்டோடு நிற்காமல் ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் முழு பார் கார்ட் பிடித்து வாசித்தவர். ஐந்தாறு கம்பி சேர்ந்து ஒலிக்கும் கார்டைக் கெயின் (சிக்னலைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் அளவு) அதிகம் வைத்த ஆம்பில் விட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். மேடையில் அவர் பின்னால் நின்றவை 100 வாட் மார்ஷல் ஆம்புகள். அந்தக் காலத்து சூப்பர் லீட் வகையில் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பைத் தொடாமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) கிடையாது. சத்தத்தை ஏற்றினால்தான் வால்வுகள் திணறிக் கரகரப்பு வரும். அந்தக் கரகரப்பு கார்டின் வடிவத்தைச் சிதைக்காது. உங்கள் மெட்டல் பெடல் நேர்மாறாக வேலை செய்கிறது. அது நடு அதிர்வெண்களைக் குடைந்து எடுத்துவிடுகிறது. தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம்ஸ் சேர்ந்தவுடன் கிட்டார் காணாமல் போகும்.

பெடலைக் கழற்றிவிட்டு ஆம்பில் இப்படி ஆரம்பியுங்கள்: கெயின் 4 அல்லது 5, பேஸ் (அடி ஒலி) 4, மிட் (நடு ஒலி) 7, ட்ரெபிள் (உச்ச ஒலி) 5, ரிவெர்ப் (எதிரொலி) பூஜ்யம். பெரும்பாலான ஸ்ட்ராட்களில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழ் இணைப்பே இருக்காது, அதனால் காதைக் கீறும். ட்ரெபிளை ஆம்பில்தான் அடக்க வேண்டும். கிட்டாரின் வால்யூமை முழுதாக வைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.

சரி, இதையெல்லாம் செய்தும் ஒரு விஷயம் இல்லாவிட்டால் பயனில்லை: வலது கை. ஜானி வாசித்தது கிட்டத்தட்ட முழுக்க டௌன் ஸ்ட்ரோக். முதல் பாட்டான ‘பிளிட்ஸ்கிரீக் பாப்’ நிமிடத்துக்குச் சுமார் 175 தட்டு வேகத்தில் போகிறது. ஒரு தட்டுக்கு இரண்டு அடி என்றால் நிமிடத்துக்கு 350, அதாவது நொடிக்கு ஆறுக்குப் பக்கம், எல்லாம் மேலிருந்து கீழே மட்டும். மேலும் கீழுமாக வாசித்தால் பாதி உழைப்பில் அதே வேகம் கிடைக்கும், ஆனால் சத்தம் வேறு. கை கீழே வரும்போது பிக் தடித்த கம்பிகளை முதலில் தொடும், மேலே போகும்போது மெல்லிய கம்பிகளை. இரண்டும் மாறி மாறி வந்தால் பாட்டில் ஓர் ஊசலாட்டம் வந்துவிடும். ரமோன்ஸிடம் அது கிடையாது, ஒவ்வோர் அடிக்கும் ஒரே எடை.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120இல் வைத்துத் தொடங்குங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும், பிக் கம்பிகளைத் தாண்டி அதிகம் வெளியே போக வேண்டாம். முன்கை எரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். வலியோடு தொடர்ந்து வாசித்துத் தசைநாரைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வேகத்தை வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றினால் போதும். 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் ரெயின்போ தியேட்டரில் பதிவான நேரடி ஆல்பத்தையும் கேட்டுப் பாருங்கள், அங்கே இன்னும் வேகம். அதை இப்போதே துரத்த வேண்டாம்.

இந்த அடிக்கு மெல்லிய 09 கம்பி தாங்காது, பலமாக அடிக்கும்போதெல்லாம் சுருதி மேலே ஏறும். அதைவிடத் தடித்த 10-46 செட் போடுங்கள். பிக் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் இருக்கட்டும். ஸ்ட்ராட்டின் டிரெமோலோ (சுருதியை அசைக்கும்) பிரிட்ஜ் உடலைத் தொடாமல் மிதந்தால் சுருதி நிற்கவே நிற்காது. பின்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை இறுக்கி, பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகக் குறைவு.

பெரிய செலவு உங்கள் நண்பனுக்குத்தான் ஆக வேண்டும். கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகிச் சத்தம் ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும், அதைவிட முக்கியமாக அடித்தளமே இருக்காது. டீ டீ என்றதும் நினைவுக்கு வருவது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸும் 300 வாட் ஆம்பெக் எஸ்விடி ஆம்பும். அந்த அளவுக்குப் போக வேண்டாம். பிரிசிஷன் வகைப் பிக்கப் உள்ள எந்தப் பேஸும் சரி, 100 வாட்டுக்குக் குறையாத பேஸ் ஆம்ப் வேண்டும், முடிந்தால் 200. ரவுண்ட்வவுண்ட் (சொரசொரப்பான சுற்றுள்ள) கம்பி, கண்டிப்பாகப் பிக். விரலால் வாசித்தால் அந்த முனைப்பு வராது. அவனும் டௌன் ஸ்ட்ரோக்தான், உங்களோடு அடிக்கு அடி.

டிரம்ஸுக்குச் சாதாரண நான்கு பீஸ் கிட் போதும். ஹை-ஹாட்டில் ஒரு தட்டுக்கு இரண்டு அடி, இரண்டாவது நான்காவது தட்டில் ஸ்னேர். ரமோன்ஸில் டிரம்ஸ் வாசித்த டாமி ரமோன் அதற்கு முன் டிரம்மரே அல்லர். குழுவை நிர்வகிக்க வந்தவர், பொருத்தமான ஆள் கிடைக்காமல் தானே உட்கார்ந்தார். உங்கள் டிரம்மர் சுற்றிச் சுற்றி ரோல் அடிப்பவராக இருந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். குரலுக்குச் சாதாரண டைனமிக் மைக், எக்கோ வேண்டாம்.

உங்கள் 20 வாட் ஆம்ப் டிரம்ஸ் பக்கத்தில் கேட்காது, அது உண்மை. ஆனால் உடனே வாங்காதீர்கள். பெரிய ஆம்ப் இருக்கும் ஜாம் ரூம் (ஒத்திகை அறை) ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, மேலே சொன்ன அளவுகளை அங்கே வைத்து வாசித்துப் பாருங்கள். பேஸ் ஆம்ப் வாங்கிய பிறகும் பணம் மிஞ்சினால், 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள 15 அல்லது 20 வாட் வால்வ் ஆம்ப், அல்லது 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்போடு மார்ஷல் குணமுள்ள ஓவர்டிரைவ் பெடல் ஒன்று. இரண்டில் எது செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். வாங்கும்முன் உங்கள் கிட்டாரையே கொண்டுபோய், முழு பார் கார்ட் பிடித்து, டௌன் ஸ்ட்ரோக்கில் அடித்துப் பாருங்கள்.