க்ளீன் என்றால் கதிர் பொறுக்குவது

கேள்வி (மன்னார்குடி, கல்லூரி மாணவி): ஐயா, ஆங்கிலப் பாடத்தில் 'க்ளீன்' என்று ஒரு வினை வந்தது. சுத்தம் செய்வது என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. என்ன வித்தியாசம்?

பதில்: தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றனம்மா, குழப்பம் அதனால்தான். சுத்தம் செய்வது 'சி'யில் தொடங்கும் clean, இது 'ஜி'யில் தொடங்கும் glean. 'தங்கம்' என்பதில் வரும் ககரம் மாதிரி ஒலிக்கும். அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைக் குனிந்து பொறுக்குவதுதான் முதல் பொருள். தகவல் சேர்ப்பது என்ற பொருள் பிற்பாடு வந்தது.

கேள்வி (கும்பகோணம்): 'சேகரி' என்று மொழிபெயர்த்தால் போதாதா?

பதில்: போதாது. ஒருவர் ஃபைலை முழுசாகக் கையில் கொடுத்தால் அது க்ளீன் இல்லை. பழைய கடிதத்தில் ஒரு வரி, கணக்கு நோட்டில் ஒரு பெயர் என்று தேடி எடுத்தால்தான் அந்தச் சொல் பொருந்தும்.

கேள்வி (சீர்காழி): கவிதையில் 'பொறுக்கு' என்று போட்டால் மட்டமாகத் தெரியாதா சார்?

பதில்: தெரியாது. ஒரு வசைச்சொல்லுக்குப் பயந்து நல்ல வினையை விட்டுவிடாதீர்கள். தமிழ் பைபிளில் ரூத் என்ற ஏழை விதவை போவாஸ் என்பவரின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். படிக்கிறவர்களுக்கு அவள்மேல் மரியாதைதான் வருகிறது. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1818-ல் எழுதிய சானெட் (பதினான்கு அடிக் கவிதை) ஒன்றில் இதே வினை வருகிறது. மூளையில் விளைந்து கிடப்பதையெல்லாம் தன் பேனா பொறுக்கி முடிப்பதற்குள் செத்துப்போவோமோ என்று அஞ்சுகிறார். அடுத்த அடிகளில், அடுக்கிய புத்தகங்கள் முற்றிய தானியம் நிறைந்த களஞ்சியங்களாகின்றன. நானாக இருந்தால் அங்கே 'பத்தாயம்' என்றே எழுதுவேன். அப்போது அவருக்கு 22 வயது. 1821-ல் இறந்துவிட்டார். ஒரு தானிய மணிகூட வீணாகிவிடக் கூடாதே என்ற அந்தத் தவிப்பு 'பொறுக்கு' என்பதில் இருக்கிறது, 'சேகரி' என்பதில் இல்லை.

கேள்வி (திருவையாறு): வடமொழியில் இதற்குச் சொல் உண்டா?

பதில்: உங்கள் ஊரிலேயே புழங்குகிற சொல்தான். உஞ்சவிருத்தியில் உள்ள 'உஞ்சம்' சிந்திய தானியத்தைப் பொறுக்குவதே. பிறகு, பாடிக்கொண்டே வீதியில் அரிசி வாங்குவதற்குப் பெயராயிற்று. தியாகராஜர் அப்படி வாழ்ந்தவர். ஆராதனையன்று காலையில் இன்றும் உஞ்சவிருத்தி போகிறார்கள். ஆங்கிலச் சொல் வயலிலிருந்து ஏட்டுக்குப் போனது, இது வயலிலிருந்து வீதிக்கு வந்தது. எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடிக்கும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): அறுப்பு முடிந்ததும் வாத்துகளை வயலில் விடுகிறார்களே, அதற்கும் இந்த வினை வருமா?

பதில்: கவிதையில் தாராளமாக எழுதுங்கள். தேர்வுத்தாளில் வேண்டாம், அங்கே 'மேய்வது' போதும்.