கிரியேட்டினின் நார்மல், ஆனாலும் கிட்னி பாதிப்பா?

கேள்வி: பத்து வருடமாகச் சர்க்கரை. ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 0.9தான். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் 80 என்று வந்ததும், கிட்னி பாதிப்பு ஆரம்பம் என்கிறார் டாக்டர். எப்படி?

பதில்: கிரியேட்டினினை மட்டும் நம்பாதீர்கள். வடிகட்டும் திறன் பாதியளவு குறைந்த பிறகுதான் பலருக்கும் அது ஏறும், அல்புமின் முந்திக்கொள்ளும். கிட்னி வடிகட்டியின் நுண் ரத்தக்குழாய்களைப் போடோசைட் செல்கள் விரல் கோத்தாற்போல் பற்றியிருக்கின்றன. சர்க்கரை ஏறியே இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, அந்த 'விரல்கள்' தட்டையாகும். செல்கள் கழன்று சிறுநீரோடு போய்விடும். போனவை பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் அல்புமின் ஒழுகுகிறது.

சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் நார்மல். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தாலும் கூடிக் காட்டும். அதனால் காலை முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று பரிசோதனையில் இரண்டு முறை கூடினால்தான் உறுதி. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கும் பழக்கம் இருந்தால், அது கிட்னியை மேலும் கெடுக்கலாம், இன்றே விடுங்கள்.